கேம் மாற்றினால் வால்வு ஸ்பிரிங் எவ்வளவு கெட்டியாக வேண்டும்? (பழைய புல்லட் 350)

12-05-2023, காலை

பாலக்கோட்டில் இருந்து ஒரு தம்பி கேட்டதை அப்படியே போடுகிறேன்.

"அண்ணா, புல்லட் 350, பழைய வார்ப்பு இரும்பு இன்ஜின். ஸ்போர்ட்ஸ் கேம் ஒரு செட் வாங்கிட்டேன். வால்வு ஸ்பிரிங் இருக்கிறதே போதுமா, ஹெவி போடணுமா? எங்க மெக்கானிக், 'கிடைக்கிறதிலேயே கெட்டியானதா போட்டுடு, ஒரு கவலையும் இல்லை'ங்கிறார். கெட்டியா போட்டா என்ன நஷ்டம்?"

நஷ்டம் உண்டு. என் பணம் போன வழியைச் சொல்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: சுழலும் கேமின் மேடு (மூக்கு) டேப்பெட்டைத் தள்ளும், டேப்பெட் புஷ் ராடு என்கிற கம்பியையும், அது ராக்கர் என்கிற நெம்புகோலையும் தள்ளி வால்வைத் திறக்கும், மூடுவது ஸ்பிரிங்.

2016இல் என் வண்டிக்கும் இதே மாதிரி கேம் போட்டேன். போட்ட பிறகு மேல் வேகத்தில் ஒரு தடுமாற்றம். ஒரு எல்லைக்கு மேல் திருகினால் பட பட என்று சத்தம், இழுவை இல்லை. வால்வு மிதக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். அதாவது கேம் இறங்குகிற வேகத்துக்கு வால்வு கூட இறங்காமல் அந்தரத்தில் நிற்பது. ஹெவி ஸ்பிரிங் வாங்கிப் போட்டதும் தடுமாற்றம் நின்றது. கொஞ்ச நாளில் இன்லெட் புஷ் ராடு ஒன்று வளைந்தது. அதை மாற்றி ஓட்டினேன். 6,000 கிலோமீட்டர் கழித்து டைமிங் கவரைக் கழற்றினால் கேம் மூக்கு மழுங்கியிருக்கிறது, டேப்பெட் அடியில் குழி. கேமும் போச்சு, டேப்பெட்டும் போச்சு.

என் ஹெட்டில் (வால்வுகள் உட்காருகிற இன்ஜின் தலை) அளந்த கணக்கு: வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் 39.0 மிமீ. அந்த உயரத்தில் கம்பெனி ஸ்பிரிங், உள்ளதும் வெளியதும் சேர்த்து, 26 கிலோ தள்ளுகிறது. ஒவ்வொரு மிமீ அமுங்குவதற்கும் 2.8 கிலோ கூடுகிறது. கேம் லிஃப்ட், அதாவது வால்வு திறக்கிற தூரம், 9.2 மிமீ என்றால் முழுக்கத் திறக்கும்போது சுமார் 52 கிலோ. ஹெவி ஸ்பிரிங் 41 கிலோவில் தொடங்குகிறது, மிமீக்கு 4.3 கிலோ. திறக்கும்போது 80 கிலோவைத் தாண்டுகிறது. ஒரு சின்ன கேம் மூக்கின் மேல், கோடு போன்ற இடத்தில், ஒரு ஆளே ஏறி நிற்கிற பாரம் இது.

12-05-2023, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். வேகமாக ஓட்டினால்தான் கேம் தேயும் என்று நினைக்கிறார்கள். தலைகீழ். மேல் வேகத்தில் வால்வு, ராக்கர், புஷ் ராடு எல்லாம் தம் ஓட்டத்திலேயே மேலே போகப் பார்க்கும். ஸ்பிரிங்கின் பலத்தில் பாதிக்கு மேல் அவற்றைத் தடுத்துத் திருப்புவதிலேயே போய்விடும், கேம் மூக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ஐடிலிங்கில் அந்த உதவி கிடையாது. 80 கிலோவும் அப்படியே மூக்கில் இறங்கும், எண்ணெய்ப் படலமும் அப்போதுதான் மெல்லிசு. காலையில் ஸ்டார்ட் செய்து, டீ குடித்து முடிக்கும் வரை வண்டியைத் துடிக்க விடுவது எனக்கு ரொம்பப் பிடித்த பழக்கம். கேமைத் தின்றதில் அதற்கும் பங்கு உண்டு.

புது கேம் போட்ட அன்று முதல் இருபது நிமிடம் ஐடிலிங்கில் விடாதீர்கள். 2,000 சுற்று அளவில், கூட்டிக் குறைத்து வைத்திருங்கள். அமெரிக்க வி8 இன்ஜின் கட்டுகிறவர்கள் இந்த முதல் ஓட்டத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெளி ஸ்பிரிங்கோடு மட்டும் ஓட்டுவதும் உண்டு. அந்த அளவுக்கு அஞ்சுகிறார்கள்.

15-05-2023

"அண்ணா, கிலோ கணக்கெல்லாம் எப்படி அளந்தீங்க? ஸ்பிரிங் டெஸ்டர் எங்க கிடைக்கும்?" என்று மூன்று பேர்.

டெஸ்டர் என்னிடம் இல்லை. என் மாமா கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். சீசன் இல்லாத நாளில் அவருடைய 150 கிலோ எலக்ட்ரானிக் தராசை லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். டிரில்லிங் மெஷின் அடியில் தராசு, தராசு மேல் ஒரு இரும்புத் தட்டு, தட்டின் மேல் ஸ்பிரிங், அதன் தலையில் இன்னொரு தட்டு. டிரில் பிட்டுக்குப் பதில் தட்டை முனையுள்ள ஒரு துண்டு. தட்டுகளை வைத்த பிறகு தராசைச் சைபர் ஆக்கிவிட்டு, கைப்பிடியை இறக்கினால் ஸ்பிரிங் அமுங்கும், தராசில் எடை தெரியும். உயரத்தை வெர்னியரால் இரண்டு தட்டுக்கும் நடுவில் எடுங்கள். டிரில் மெஷினில் உள்ள ஆழ அளவை நம்பாதீர்கள். 50 கிலோவுக்கு மேல் போனால் மெஷினின் தூணே மெல்ல வளைகிறது, அந்த அளவும் உங்கள் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

உள் ஸ்பிரிங்கையும் வெளி ஸ்பிரிங்கையும் தனித்தனியாக அளந்து கூட்டுவதைவிட, ஹெட்டில் உட்காருகிற மாதிரியே சேர்த்து வைத்து அளப்பது நல்லது. இரண்டும் எதிரெதிர் பக்கம் சுற்றியிருக்கும். ஒன்றின் சுருளுக்குள் மற்றதன் சுருள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அப்படி. ஒரே பக்கம் சுற்றிய இரண்டை யாராவது ஜோடி சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

இரண்டு உயரத்தில் எடை எடுத்தால் போதும். 39 மிமீயில் 26 கிலோ, 34 மிமீயில் 40 கிலோ என்றால் 5 மிமீக்கு 14 கிலோ, மிமீக்கு 2.8. மீதியைக் கணக்கில் போட்டுக்கொள்ளலாம். ஹெவி ஸ்பிரிங்கை 80 கிலோ வரை நான் அழுத்தவில்லை. 60ஐத் தொட்டபோதே பட்டறைக்காரர் முகம் மாறிவிட்டது.

கடைசியாக, வைஸில் வைத்துச் சுருள்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டும் வரை இறுக்கி அந்த உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் அமுங்காது என்கிற உயரம் அது. உள் ஸ்பிரிங் முதலில் ஒட்டுகிறதா, வெளி முதலில் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். எது முதலில் ஒட்டுகிறதோ அதுதான் கணக்கு. என் ஹெவி செட்டில் 27.6 மிமீ. 39.0இல் 9.2 போனால் 29.8. அதில் 27.6 போனால் 2.2 மிமீ மிச்சம். ஒன்றரை மிமீ இருந்தாலே போதும் என்பது பொது வழக்கு. ஆக, அந்தப் பக்கம் என் வேலையில் குறை இல்லை.

16-05-2023

குறை இருந்தது.

நேற்று எழுதிவிட்டுப் படுத்தால் ஒரு கேள்வி. அந்தப் பக்கம் இடம் இருந்தது என்றால் புஷ் ராடு ஏன் வளைந்தது? காலையில் பழைய ஹெட்டை எடுத்து மறுபடி அளந்தேன். ஸ்பிரிங்கின் அடியில் ஒரு வாஷர் உட்காரும். 2016இல் அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் போட்டிருந்த நேரத்தில் உயரத்தை அளந்திருக்கிறேன். வாஷர் கனம் 1.2 மிமீ. அப்படியானால் ஸ்பிரிங்குக்குக் கிடைத்த உண்மையான உயரம் 39.0 இல்லை, 37.8.

எல்லாக் கணக்கும் மாறுகிறது. கம்பெனி ஸ்பிரிங் மூடியிருக்கும்போது 26 இல்லை, 29 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். திறக்கும்போது 55. ஹெவி ஸ்பிரிங் மூடியிருக்கும்போது 46, திறக்கும்போது 86. சுருள் ஒட்டுவதற்கு மிச்சம் இருந்தது 2.2 இல்லை, 1.0 மட்டும்.

12ஆம் தேதி எழுதிய எண்களை யாரும் குறித்து வைத்திருந்தால் அடித்துவிடுங்கள். ஏழு வருஷமாக ஒரு டைரியில் தப்பான எண்ணை வைத்துக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்திருக்கிறேன்.

17-05-2023

புஷ் ராடு கதை இன்னும் முடியவில்லை. 1.0 மிமீ குறைவுதான் என்றாலும் அதுவே வளைக்காது. அப்போது செய்த இன்னொரு வேலை ஞாபகம் வருகிறது.

எக்ஸாஸ்ட் வால்வு சீட்டை, அதாவது வால்வு மூடும்போது உட்காருகிற வளையத்தை, வெட்டினோம். சீட்டை வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் இறங்கும், அதன் தண்டு மேலே கூடுதலாக நீட்டும், ஸ்பிரிங் உயரமும் அந்த அளவு கூடும், பலம் குறையும். அதை ஈடுகட்ட ஸ்பிரிங் அடியில் 0.8 மிமீ வாஷர் ஒன்று போட்டோம். அது சரியான வேலை. ஆனால் இன்லெட் சீட்டை நாங்கள் தொடவே இல்லை. "ரெண்டும் சமமா இருக்கட்டும்" என்று அதற்கும் ஒன்று போட்டோம். சமமாம்! 1.0இல் 0.8 போனால் மிச்சம் 0.2 மிமீ. காகிதத்தில் 0.2 இருக்கிறது. ஓடும்போது ஸ்பிரிங் நேராக அமுங்குவதில்லை, சுருள்கள் அலை அலையாகத் துள்ளும். அந்தத் துள்ளலில் 0.2 எந்த மூலைக்கு?

சுருள் முட்டினால் ஸ்பிரிங் ஒரு இரும்புக் குழாய்க்குச் சமம். கேமோ நிற்காது. நடுவில் எது இளகியதோ அது வளையும். என் வண்டியில் புஷ் ராடு இளகியது. அது வளையாமல் இருந்திருந்தால் ராக்கரோ கேமோ உடைந்திருக்கும், அதனால் அந்த வளைந்த ராடை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

ஆக, வாஷரை ஸ்பிரிங்கைக் கெட்டியாக்கும் மருந்தாக நினைக்காதீர்கள். 1 மிமீ வாஷர் போட்டால் மூடியிருக்கும்போதும் திறந்திருக்கும்போதும் ஒரே அளவுதான் கூடும், கம்பெனி ஸ்பிரிங்கில் 2.8 கிலோ. கூடவே முட்டுவதற்கான இடத்தில் 1 மிமீயைத் தின்றுவிடும்.

19-05-2023

"ஆர்எக்ஸ் 100க்கு எந்த கேம், எந்த ஸ்பிரிங் நல்லது?" என்று ஒருவர், முழு மரியாதையோடு.

ஐயா, அது டூ ஸ்ட்ரோக். கேமும் கிடையாது, வால்வு ஸ்பிரிங்கும் கிடையாது. உள்ளே ஒரு ரீட் வால்வு உண்டு, அது தானே வளைந்து தானே மூடிக்கொள்கிற தகடு. இந்த இழையில் உள்ள எல்லாக் கவலையில் இருந்தும் நீங்கள் விடுதலை. கொடுத்து வைத்தவர்.

நாலு ஸ்ட்ரோக்கிலும் ஸ்பிரிங் இல்லாமல் செய்து பார்த்திருக்கிறார்கள். 1954இல் மெர்சிடிஸின் டபிள்யூ 196 பந்தயக் காரில் வால்வைத் திறக்க ஒரு கேம், இழுத்து மூட இன்னொரு கேம். டுகாட்டி அதே யோசனையை 1956இல் எடுத்துக்கொண்டு இன்றுவரை முழுதாக விடவில்லை. ரெனோ 1986இல் ஃபார்முலா ஒன் இன்ஜினில் ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்தக் காற்றை வைத்தது. காற்றுக்கு எடை இல்லாத மாதிரிதான், சுருள் துள்ளலும் இல்லை. நமக்கு டயருக்குக் காற்று நின்றாலே பெரிது.

24-05-2023

பாலக்கோட்டுத் தம்பி மறுபடி: "அப்ப கேம் மாத்தினா ஸ்பிரிங் மாத்தவே வேண்டாமா? பின்னே ஏன் கேம் விக்கிறவங்களே ஸ்பிரிங்கும் சேர்த்து விக்கிறாங்க?"

மாற்ற வேண்டியிருக்கலாம். எதற்காக என்று தெரிந்துகொண்டு மாற்ற வேண்டும்.

நம் பக்கத்து எருது விடும் விழாவைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. மாட்டை ஓட விடுவது ஒரு வேலையே இல்லை, அவிழ்த்துவிட்டால் ஓடும். தெருக்கோடியில் அதைப் பிடித்து நிறுத்துகிற ஆளுக்குத்தான் தோள் வேண்டும். வால்வைத் திறக்கத் தள்ளுவது கேம். பாதி வழி தாண்டியதும் அதை நிறுத்தித் திருப்பிக் கூட்டி வருவது ஸ்பிரிங். ஸ்போர்ட்ஸ் கேம் மாட்டை இன்னும் வேகமாக விரட்டுகிறது, கூடுதல் தூரம் ஓடவிடுகிறது. அதனால் பிடிக்கிற ஆளின் பலமும் கூட வேண்டியிருக்கிறது. எவ்வளவு கூட என்பதுதான் கேள்வி.

வேகத்தின் வர்க்கத்தில் கூடும். அதே கேமோடு 4,500 சுற்றில் ஒரு பலம் தேவை என்றால், 5,500இல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தேவை. 5,000இல் இருந்து 5,500 போக 21 சதவீதம். ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, என் இன்ஜின் எத்தனை சுற்று போகப் போகிறது? பழைய 350க்கு 70 மிமீ போர் (சிலிண்டர் விட்டம்), 90 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சிசி. நீளமான ஸ்ட்ரோக். 5,500 சுற்றிலேயே பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16.5 மீட்டர். 6,500க்குப் போனால் 19.5. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் உருளை பேரிங்குக்குப் பதில் புஷ் என்கிற வெறும் உலோக வளையம் சுற்றுகிற இன்ஜின் இது. 6,500 தாங்குகிற ஸ்பிரிங்கை வாங்கி என்ன செய்ய? மேலே வால்வு மிதக்காமல் ஒழுங்காக மூடும், கீழே புஷ் கரையும்.

5,400 சுற்றிலேயே ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 45 முறை திறந்து மூடுகிறது. அதைச் சமாளித்தால் இந்த இன்ஜினுக்குப் போதும்.

ஸ்பிரிங் வாங்கும்போது கம்பியின் கனத்தைப் பாருங்கள், மற்ற எதையும்விட அதுதான் பேசும். கடினம் கம்பிக் கனத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 4.0 மிமீ கம்பிக்கும் 4.2 மிமீ கம்பிக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டாவது சுமார் 22 சதவீதம் கெட்டி. 4.4 என்றால் 46 சதவீதம். "கொஞ்சூண்டு ஹெவி" என்று கடையில் சொல்வதை இதை மனதில் வைத்துக் கேளுங்கள். சுருள் எண்ணிக்கை குறைந்தாலும் கெட்டியாகும், சுருளின் விட்டம் குறைந்தாலும் கெட்டியாகும். கம்பி கனமானால் சுருள்கள் சீக்கிரம் ஒட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஸ்பிரிங்கின் பலத்தைக் கூட்டுவதற்குப் பதில் இன்னொரு வழி, பிடிக்க வேண்டிய மாட்டை இளைக்க வைப்பது. ஸ்பிரிங் மேல் உட்காருகிற தட்டு, லாக், வால்வு ஆகியவற்றின் எடையைக் குறைத்தால் அதே ஸ்பிரிங் கூடுதல் வேகம் தாங்கும். தேன்கூடு மாதிரி மேலே குறுகும் ஸ்பிரிங்குகள் வந்ததே இதற்காகத்தான். மேல் தட்டு சின்னதாகிவிடும். நம் பழைய ஹெட்டுக்கு அதை நான் போட்டுப் பார்த்ததில்லை. சுருள் ஒரு பக்கம் நெருக்கமாகவும் மறுபக்கம் விலகியும் இருக்கிற ஸ்பிரிங் கிடைத்தால், நெருக்கமான பக்கம் கீழே, ஹெட்டோடு. தலைகீழாகப் போட்டால் அந்தக் கூடுதல் எடையையும் சேர்த்து ஆட்ட வேண்டியிருக்கும்.

25-05-2023

யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் இருக்கிற பிற்கால இன்ஜின்) புல்லட்காரர்கள் கவனிக்க: மேலே உள்ள எந்த எண்ணும் உங்களுக்கு இல்லை. உங்களுடையது எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட். வால்வு மிதந்தால் அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பிவிடும், பிறகு வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். போர், ஸ்ட்ரோக் அளவு ஒன்றுதான் என்பதால் ஸ்பிரிங்கும் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

2-06-2023

லிஃப்ட் கூடினால் சுருள் முட்டுவது மட்டும் கவலை இல்லை, இன்னும் இரண்டு இடம் இருக்கிறது.

ஒன்று, மேல் தட்டின் அடிப்பாகம் வால்வு கைடின் (வால்வுத் தண்டு ஓடுகிற குழாய்) தலையில் இடிக்கிறதா. வால்வைக் கையால் முழு லிஃப்டுக்கு மேல் இன்னும் ஒன்றரை மிமீ இறக்கிப் பார்க்கலாம், ஸ்பிரிங் இல்லாமலேயே.

இரண்டு, வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா. பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, டேப்பெட் வைத்து, கிக்கரைக் கையால் மெதுவாகத் திரும்பத் திரும்ப அழுத்தி கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். பிறகு கழற்றி, களிமண்ணை வெட்டி அதன் கனத்தை அளக்க வேண்டும். இன்லெட் பக்கம் 2 மிமீ, எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டரை மிமீயாவது இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் நீளும், பிஸ்டனும் அதைத் துரத்திக்கொண்டே மேலே வரும், அதனால் அங்கே கூடுதல். பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண் நல்லது. ஒட்டாமல் இருக்க வால்வில் எண்ணெய் தடவுங்கள்.

"கேழ்வரகுக் களி வைக்கலாமா?" என்று கேட்ட காரிமங்கலத்துக்காரருக்கு: ஆறிய களி என்றால் நன்றாகவே பதியும். ஆனால் ஹெட் கழற்றுகிற நாளில் பட்டறையில் பசிக்காமல் இருக்குமா? அளவு எடுப்பதற்குள் காணாமல் போகும்.

11-06-2023

அந்தப் பாலக்கோட்டு மெக்கானிக்கைப் பற்றிக் கொஞ்சம் ஏளனமாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர் கைக்கு வரும் வண்டிகளில் பாதி, ஸ்பிரிங் பிறந்ததில் இருந்து மாற்றாதவை. சூட்டிலும் வருஷக் கணக்கான அமுக்கத்திலும் ஸ்பிரிங் தளரும், உயரம் குறையும். அப்படித் தளர்ந்த ஒன்றை எடுத்துவிட்டு ஹெவி போட்டால் வண்டி பிரமாதமாக ஓடத்தான் செய்யும். புது ஸ்டாண்டர்ட் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும் என்பதை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை, போட்டால்தானே பார்க்க?

தராசு இல்லாதவர்கள் இதைச் செய்யலாம். பழைய வெளி ஸ்பிரிங்கையும் புது வெளி ஸ்பிரிங்கையும் நடுவில் ஒரு தட்டு வைத்து ஒரே வரிசையில் வைஸில் இறுக்குங்கள். இரண்டின் மேலும் விழும் பலம் ஒன்றே. இறுக்கிய நிலையில் எது குட்டையாக நிற்கிறதோ அது தளர்ந்தது. கணக்கும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

18-06-2023

இதை எழுத மனசில்லை. ஆனாலும் முதல் நாள் எழுதியது இங்கேயே நிற்கிறது.

புஷ் ராடை எடுத்துப் போட்டோ பிடித்துப் போடலாம் என்று பழைய டூல் பெட்டியைக் கிளறினேன். அடியில் 2016ஆம் வருஷ பில், எண்ணெய்க் கறையோடு. ஹெவி வால்வு ஸ்பிரிங் ஒரு செட். அதே பில்லில், அதே தேதியில், கீழே இரண்டு வரி: சி.பி. பாயிண்ட் ஒரு செட், கண்டென்சர் ஒன்று.

பாயிண்ட் என்பது இக்னிஷன் காயிலின் மின்சாரத்தைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கிற சுவிட்ச், கண்டென்சர் அதற்குத் துணை. பாயிண்ட் மாற்றியதே எனக்கு மறந்துபோயிருந்தது. பழைய பாயிண்டும் பெட்டியிலேயே கிடந்தது, காகிதத்தில் சுற்றி. அதன் கையை விரலால் விலக்கிப் பார்த்தேன். மூடிக்கொள்ள வைக்கிற அந்தத் தகட்டு ஸ்பிரிங் தொளதொள என்று இருக்கிறது. புதிதோடு வைத்துப் பார்த்தால் பாதி பலம்கூட இல்லை.

பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ந்தால் என்ன ஆகும்? மேல் வேகத்தில் பாயிண்ட் கையும் தன் கேமைப் பின்தொடராமல் அந்தரத்தில் துள்ளும், காயில் நிரம்ப நேரம் கிடைக்காது, ஸ்பார்க் விட்டு விட்டு வரும். ஓட்டுகிறவனுக்கு அது எப்படித் தெரியும் என்றால், ஒரு எல்லைக்கு மேல் திருகினால் பட பட, இழுவை இல்லை. 12ஆம் தேதி நான் எழுதிய அதே வார்த்தைகள்.

ஒரு ஸ்பிரிங் தளர்ந்துதான் இருந்தது. அது வால்வில் இல்லை, பாயிண்டில். சில ரூபாய் சாமான். ஒரே நாளில் இரண்டையும் மாற்றிவிட்டு, பெருமையை எல்லாம் பெரிய ஸ்பிரிங்குக்குக் கொடுத்துவிட்டேன்.

வால்வு மிதக்கவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. இரண்டும் சேர்ந்துகூட இருந்திருக்கலாம். ஆனால் கேமும் டேப்பெட்டும் போன பிறகு புதிதாகப் போட்டபோது, பயத்தில் கம்பெனி ஸ்பிரிங்குக்கே திரும்பினேன். அதே 9.2 லிஃப்ட் கேம். ஏழு வருஷமாகத் தடுமாறவே இல்லை. அது எப்படி என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். "எண்ணெய் மாத்தினதால இருக்கும்" என்று ஒருவரிடம் சொன்னதாக ஞாபகம்.

20-06-2023

ஆறு பேர் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நியாயம்தான்.

ஒருவர் மட்டும் உருப்படியாகக் கேட்டார்: வால்வு மிதப்பதையும் பாயிண்ட் துள்ளுவதையும் எப்படிப் பிரித்து அறிவது? ஓட்டும்போது கஷ்டம். அதனால் மலிவானதை முதலில் மாற்றுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.35இல் இருந்து 0.40 மிமீக்குள், ஸ்பிரிங் முறுக்காக. கண்டென்சர் புதிது. பிறகும் அதே சுற்றில் அதே தடுமாற்றம் வந்தால் மட்டும் ஹெட்டைத் தொடுங்கள். ஒரு நாளில் ஒரு சாமான்தான், இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று ஏழு வருஷம் கழித்துப் பில்லைப் பார்த்துத்தான் தெரியும்.

சோதித்துப் பார்க்கத் தொப்பூர் கணவாய்க்குப் போக வேண்டாம். ஏற்றத்தில் இழுவை நன்றாகத் தெரியும் என்று நானும் முன்பு போனேன். பிரேக் சூடேறிய லாரிகள் இறங்குகிற இடத்தில் காதை வால்வு சத்தத்துக்குக் கொடுத்துக்கொண்டு வண்டி ஓட்டுவது மடத்தனம்.

9-07-2023

பாலக்கோட்டுத் தம்பி ஞாயிற்றுக்கிழமை ஹெட்டையும் கேமையும் மூட்டை கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டார். மாமாவின் தராசு கிடைக்கவில்லை, சீசன் முடியாமல் தொடக் கூடாது என்றார். போன தடவை எடுத்துப்போய்த் திரும்பியதில் இருந்து 200 கிராம் கூடக் காட்டுகிறது என்று அவருக்கு ஒரு மனத்தாங்கல். ஐந்து கிலோ எடைக்கல் வைத்துக் காட்டினேன், சரியாக ஐந்து. ஒத்துக்கொள்ளவில்லை.

தராசு இல்லாவிட்டால் என்ன, டயல் கேஜ் இருந்தது. கேமை மாட்டி வால்வின் தலையில் டயலை வைத்துச் சுற்றினோம். டப்பாவில் லிஃப்ட் 9.2 என்று அச்சிட்டிருக்கிறது. அளந்தால் 8.5. எக்ஸாஸ்ட் 8.4. மறுபடி அளந்தோம், டேப்பெட் இடைவெளி இல்லாமல் வைத்து அளந்தோம், அதேதான். அப்புறம் எனக்கு வேர்த்தது. என் கேமும் அதே மாதிரி டப்பாவில் வந்ததுதான், 9.2 என்று நான் எழுதியதும் டப்பாவைப் பார்த்துத்தான். என் வண்டியைப் பிரிக்கும் வரை 16, 17ஆம் தேதிக் கணக்கில் இருக்கிற மிச்சம் கூடுதலாக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அப்போது அந்த 0.2 இன்னும் பெரிதாகும், புஷ் ராடு வளைந்த காரணம் மறுபடி தொங்கலில் நிற்கும். பிரிக்கிறேன், தீபாவளிக்குப் பிறகு.

அவருடைய ஹெட்டில் ஸ்பிரிங் உயரம், வாஷரோடு, 38.4. புது ஸ்டாண்டர்ட் செட் சுருள் ஒட்டும் உயரம் 25.9. 38.4இல் 8.5 போக, அதில் 25.9 போக, 4 மிமீ மிச்சம். கைடில் இடிக்கவில்லை. எக்ஸாஸ்ட் சீட் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்ததால் அங்கே 0.5 மிமீ வாஷர். இன்லெட்டுக்குப் போடவில்லை. "சமமா இருக்க வேண்டாமா அண்ணா?" என்று கண்ணடித்தார்.

ஹெவி செட்டை வாங்கிய கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது ஸ்டாண்டர்ட் வாங்கிக்கொண்டார்.

3-08-2023

ஆடிப்பெருக்கு. ஒகேனக்கல் போகிற கூட்டத்தில் மாட்டாமல் வீட்டிலேயே இருந்தேன். மாலையில் அவரிடம் இருந்து போன். பாலக்கோட்டில் இருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூர் போய்த் திரும்பியிருக்கிறார். மூன்றாவது கியரில் முன்பைவிட நீளமாக இழுக்கிறதாம், தடுமாற்றம் இல்லையாம், ஐடிலிங் மட்டும் கொஞ்சம் நொண்டுகிறதாம். அந்த கேமுக்கு நொண்டத்தான் செய்யும் என்றேன். மெக்கானிக் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஹெவி ஸ்பிரிங் நல்லா வேலை செய்யுது பாத்தியா" என்றாராம். இவர் திருத்தவில்லையாம்.

வைப்பதற்கு முன் நான் கேட்காமலே சொன்னார்: "பாயிண்ட் 0.38ல இருக்குண்ணா."